மழை சீனுக்குப் போன என் இன்டர்வெல்

சிறப்புக் காட்சி என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரியும். படம் பார்க்க வருகிறவர்களுக்கு அது சிறப்பு. தியேட்டர் கேன்டீன் நடத்துகிறவனுக்கு அதில் ஒரு சிறப்பும் கிடையாது. சாதாரணக் காட்சிக்கு வருகிறவன் வெறுங்கையோடு வருவான், இன்டர்வெல்லில் பசிக்கும், கடைக்கு வருவான். சிறப்புக் காட்சிக்கு வருகிற கூட்டம் வீட்டையே பெயர்த்துக்கொண்டு வரும். தூக்குவாளியில் புளிச்சோறு, டப்பாவில் அவித்த கடலை, ஒரு பை நிறையச் சாத்தூர் சேவு, இடுப்பில் தண்ணீர்க் குடம். என் கடைக்கு வந்து அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பாய், ஒரு டம்ளர் குடுங்களேன், தண்ணி மோந்து குடிக்க."

எங்கள் தியேட்டர் சிவகாசிக்கு வெளியே, பட்டாசுக் கம்பெனி பஸ்கள் திரும்புகிற முக்கில் இருக்கிறது. எங்கள் தியேட்டர் என்று சொல்கிறேனே தவிர, என் கையில் இருப்பது படிக்கட்டுப் பக்கத்துக் கேன்டீன் மட்டும்தான், அதுவும் குத்தகைக்கு. எங்கள் அத்தா காலத்திலிருந்து அந்த மேஜைக்குப் பின்னால் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார். சீட்டு பழசு, மின்விசிறி பழசு, மேனேஜர் சட்டை பழசு. ஸ்பீக்கர் மட்டும் புதுசு. அதை மாட்டிய அன்றைக்கு முதலாளி வந்து கேட்டுவிட்டு, "படத்துல மளை பெய்ஞ்சா சனம் கொடையத் தேடணும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முகூர்த்த மாதத்தில் மண்டபம் கிடைக்காதவர்களுக்குக் காலை நேரத்தில் ஹாலை வாடகைக்கு விடுவது மேனேஜர் கண்டுபிடித்த வழி. ஒருமுறை காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை, ஆசாரி ஊசியோடு நிற்கிறார், பின்னால் திரை முழுக்க அதே குழந்தையின் முகம். எந்தப் புண்ணியவானோ ஆசீர்வாதம் பேச வைத்திருந்த மைக்கைக் குழந்தை வாய்க்கு நேரே பிடித்துவிட்டான். ஊசி இறங்கியதும் புதிய ஸ்பீக்கர் அத்தனையிலும் அந்த வீறல் கிளம்பியது பாருங்கள், ஆசாரி ஊசியைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டார். அடுத்த காது மறுநாள் அவர் பட்டறையில் வைத்துத்தான் குத்தினார்கள். கிரிக்கெட் பைனல் போட்டபோது கடைசி ஓவரில் கரண்ட் போய், ஜெயித்தது யார் என்று தெரியாமல் இரண்டு கட்சியாகப் பிரிந்து என் மேஜைக்கு முன்னால் அடித்துக்கொண்டார்கள். அதில் உடைந்தது என் பாட்டில் அலமாரி. இப்படி ஒவ்வொரு சிறப்புக்கும் என் கடையில் ஒரு வடு உண்டு.

ஆனாலும் இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு தாய் தன் மகனைப் பார்ப்பதற்காகப் போட்ட காட்சிதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வழக்கம்போல முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டேன்.

தியேட்டருக்குப் பின்தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். ஆனைக்குட்டம் பக்கம் பிறந்தவர். சாத்தூர் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் சரவெடி பின்னுகிற வேலை. புருசன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன். "நான் பட்ட பாடு போதும், நீ பட்டாசுப் பக்கம் மட்டும் போயிராதலே" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார். அவனும் தாய் சொல்லைத் தட்டாமல் ஒருநாள் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டான், சினிமாவில் சேர. ஞாயிறு தவறாமல் போன் வரும். சினிமாவில் இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன், சீக்கிரம் வருகிறேன். தாய்க்கு அது போதுமாக இருந்தது.

கெடுத்தது அவருடைய அண்ணன். அந்த மனிதர் லாரி டிரைவர், சென்னைக்குப் பட்டாசு லோடு கொண்டுபோகிறவர். ஒரு தடவை லோடு இறக்கிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்னால் போயிருக்கிறார். அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் மருமகன் மாதிரி ஒருத்தன் குனிந்து கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கிறான். கூப்பிடுவதற்குள் உள்ளே போய்விட்டான். இதை ஊருக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னாராம். அந்த மதினியிடம் சொல்வதற்குப் பதில் அவர் தெரு முக்கில் மைக் கட்டியே பேசியிருக்கலாம், மின்சாரச் செலவோடு போயிருக்கும். மறுநாள் காலை குழாயடியில் மதினி தொடங்கிவிட்டார்.

"சினிமாவுல இருக்கானாம்ல சினிமாவுல! ஒங்க அண்ணன் கண்ணால பாத்தாக. எச்சிக் கிளாஸ் களுவிக்கிட்டு இருக்கான் ஒம் மவன்."

"எம்மவன் ஊருக்கு வேணாப் பொய் சொல்லுவான் மதினி. எங்கிட்டச் சொல்ல மாட்டான்."

இந்த ஒரு பேச்சைத்தான் அந்த அம்மா பிடித்துக்கொண்டார். குழாயடியில் சொன்னார், கம்பெனி பஸ்ஸில் சொன்னார், ரேஷன் கடையில் கேட்காதவர்களிடமும் சொன்னார். எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான். கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னுகிறவர்கள், "என்னக்கா, ஸ்டார் எப்படி இருக்காரு?" என்று வாயைக் கிண்டுவார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார், ஆனால் அன்றைக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கேன்டீன்காரனுக்குத் தெரியாத சங்கதி எந்த ஊரிலும் கிடையாது.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் லீவு விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் சொன்னான்: "படம் வந்திருச்சும்மா. மளை சீன் ஒண்ணு வரும். ஹீரோ கூடவே நிப்பேன், நல்லாப் பாரு." படம் ஏதோ சின்னப் படம். மதுரையில் ஒரு தியேட்டரில் போட்டு, சுவரொட்டியில் பசை காய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் வரவேயில்லை. அந்த அம்மா தெருப் பெண்கள் ஒரு பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு நேரே மேனேஜரிடம் வந்து நின்றார். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தருகிறோம், எங்களுக்கென்று ஒரு காட்சி ஓட்டுங்கள் என்றார்.

எங்கள் மேனேஜர் என்னைவிட வயதில் சின்னவர், பயத்தில் பெரியவர். "அதுக்கெல்லாம் சென்னையில கேக்கணும்மா" என்று இழுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வடை மாவைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நம் வாய் அப்படி நிற்கிற வாயா?

"ஏன்யா, பெத்தவ பிள்ளையப் பாக்கணும்ங்கறா. காதுகுத்துன்னாலும் சரி, கருமாதின்னாலும் சரி, எல்லாத்துக்கும் தொறந்து விடுறீரு. இதுக்குப் பெருசாக் கேக்கணுமாக்கும்?" என்று கத்திவிட்டேன். கத்திய சூட்டோடு சூடாக என் காரியத்தையும் பார்த்துக்கொண்டேன். "ஆனா ஒண்ணு தாயி. ஒருத்தரும் சோத்துவாளி தூக்கிட்டு வரக் கூடாது. இன்டர்வெல்லுக்கு என் வடையும் டீயுந்தான்."

"ஒங்க வடைதான் பாய், சத்தியமா!" என்றார்கள் எல்லாரும். இருக்கன்குடி மாரியம்மன் மேல் ஆணை வேறு வைத்தார்கள். மேனேஜர் சென்னையில் கேட்டு வாங்க மூன்று வாரம் ஆனது. சொன்ன சொல் மாறாமல், காட்சி நடந்த ஞாயிறு காலை அத்தனை பேரும் வெறுங்கையோடு வந்தார்கள். நானும் மழைக்காலப் பசிக்கு என்று கணக்குப் போட்டு, வீட்டில் பெண்டாட்டியையும் உட்கார வைத்து, விடிவதற்கு முன்னாலிருந்து வடை சுட்டுக் குவித்திருந்தேன்.

முதலில் வந்தது பேனர். அச்சாபீசுக்கு நாங்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை, தடுக்கி விழுந்தால் அச்சாபீஸ் வாசலில்தான் விழுவோம். தெருப் பையன்கள் கலர் கலராக அடித்துக் கொண்டுவந்து முன் சுவரில் கட்டினார்கள். சுவர் உயரத்துக்கு அந்த மகனின் முகம், கண்ணாடி போட்டு. 'வெள்ளித்திரையை ஆள வந்த எங்கள் தெருச் சிங்கமே' என்று எழுத்து. மூலையில் பாஸ்போர்ட் போட்டோ அளவில் வேறொரு முகம் இருந்தது. யார் இது என்று கேட்டேன். "அது ஹீரோ, பாய்" என்றார்கள்.

பிறகு கூட்டம் உள்ளே போகத் தொடங்கியது. மேனேஜர் பேயறைந்த முகத்தோடு என்னிடம் ஓடி வந்தார். "பாய், இங்கன வந்து பாருங்க, எல்லாரும் செருப்பக் களத்துறாங்க!" போய்ப் பார்த்தேன். கதவுக்கு வெளியே செருப்பு குன்றாகக் குவிந்திருந்தது. ஒவ்வொரு பெண்ணும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசல் இரும்புக் கிராதியை ஒரு கையால் தொட்டுவிட்டு உள்ளே போனாள். ஒருத்தி தொட மறந்து போய், பாதியில் திரும்பி வந்து தொட்டுவிட்டுப் போனாள். கோவிலா இது என்று மேனேஜருக்குப் புல்லரித்துவிட்டது. கோவிலும் இல்லை, மண்ணும் இல்லை. கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் செருப்போடு போகக் கூடாது, வாசலில் இருக்கிற தகட்டைத் தொட்டு உடம்புக் கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். அவர்களுக்குக் கதவு என்று ஒன்றைப் பார்த்தாலே கை தானாக அதைச் செய்துவிடும். நான் எடுத்துச் சொன்னதும் மேனேஜர், "அப்ப சாமி கும்பிடலையா?" என்று ஏமாந்துபோனார்.

படம் ஓடத் தொடங்கியது. நான் கேன்டீனிலிருந்தபடி காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே கும்மாளம். திரையில் யார் வந்தாலும், "இவனா? இவனா?" என்று ஒரு குரல். "இல்ல, இல்ல! மளை சீன்லதான் வருவான், நான் கையக் காட்டுறேன், பேசாம இருங்கடி" என்று தாயின் குரல். ஹீரோ காதலிக்கிறான், அடி வாங்குகிறான், அழுகிறான். அதையெல்லாம் ஒருவரும் சட்டை செய்யவில்லை. எல்லாரும் மழைக்குக் காத்திருந்தார்கள்.

நான் எண்ணெய்ச் சட்டியில் கடைசி வடையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இடி ஒன்று விழுந்தது. முதலாளியின் ஸ்பீக்கர் அல்லவா, என் மேஜையில் கண்ணாடி கிளாஸ்கள் கிணுகிணுத்தன. சரி, மழை சீன் வந்துவிட்டது, விசில் பறக்கப் போகிறது என்று காத்திருந்தேன். விசில் வரவில்லை. கதவு திறந்தது.

பெண்கள் வெளியே வந்தார்கள். ஓட்டம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, ஒருத்தி வாய் திறக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக, வெறுங்காலோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் வந்து, வாசலைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் வெட்டவெளியில் போய் நின்றார்கள். கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற அக்கா ஒருவர் கடைசியாக வந்து, கதவடியில் நின்று தலையை எண்ணினார்.

"என்னம்மா, இன்டர்வெல் விட்டாச்சா? பெல் அடிக்கலையே?" என்றேன்.

"இல்ல பாய். இடி இடிக்குதுல்ல," என்றார் அவர், நான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்ட மாதிரி.

நான் வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. மேலே பார்த்தேன், அவர்களைப் பார்த்தேன். அவர்களும் மேலே பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனியில் இடி கேட்டால், மின்னலில் மருந்து பிடித்துக்கொள்ளும் என்று, கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ரூமை விட்டு வெளியே வந்து தள்ளி நிற்க வேண்டும். அதில் யோசிக்க நேரம் எடுக்கிறவள் வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். இத்தனை வருடமாக அப்படிப் பழகின கால்கள், இடி திரையில் இடித்ததா வானத்தில் இடித்ததா என்று நின்று விசாரிக்குமா? எழுந்து வந்துவிட்டன. அந்தத் தாயும் வரிசையில் நடுவில் நின்றிருந்தார், எந்த மழைக்காக மூன்று வாரமாகத் தூங்காமல் இருந்தாரோ அதை உள்ளே விட்டுவிட்டு.

முதலில் உறைத்தது அவருக்குத்தான். "ஐயையோ! மளை!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். பின்னால் மொத்தக் கூட்டமும் ஓடியது. நான் கரண்டியோடு ஓடினேன்.

உள்ளே திரையில் மழை விட்டிருந்தது. ஹீரோ நல்ல வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டு போனான். அத்தனை சீட்டும் காலி. நட்டநடுவில் ஒரே ஒரு ஆள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், அந்த லாரி டிரைவர் அண்ணன். அவர் கம்பெனி ஆள் இல்லையே, அவருக்கு இடி என்றால் வைப்பர் போடுகிற சமாசாரம். ஊரே பார்க்க வந்த காட்சியை அவர் ஒருவர் மட்டும் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, எம்மவன் வந்தானா?" என்று தாய் மூச்சு வாங்கக் கேட்டார்.

"வந்தான்."

"நல்லாத் தெரிஞ்சானா?"

"நல்லாத் தெரிஞ்சான்."

"என்ன செஞ்சான்?" என்று இருட்டிலிருந்து பத்துக் குரல் ஒன்றாகக் கேட்டன.

அந்த மனிதர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். பாவம், அவரும் என்னதான் செய்வார். "கிளாஸ் களுவுனான்" என்றார்.

அதற்கப்புறம் அங்கே நடந்ததை எழுத இந்தத் தாள் தாங்காது. மதினி, "நான் அன்னைக்கே சொன்னேன்ல!" என்று முன்னால் வந்தார். தாய், "அண்ணனா நீ? இங்கனயும் வந்து எம்மவன் மானத்த வாங்கணுமா?" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "சத்தியமாத்தான் தாயி, படத்துலயும் களுவுறான், நான் என்ன செய்ய?" என்று அவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். ஒருவரும் நம்பவில்லை. சூப்பர்வைசர் அக்கா, தான்தான் முதலில் எழுந்தது என்று அழத் தொடங்கினார். மேனேஜர் விளக்கைப் போடச் சொல்லிவிட்டு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றார்.

"திருப்பி ஓட்டுங்க" என்றார் தாய்.

"முடியாதும்மா. சென்னையில இருந்தே நேரம் குறிச்சுத்தான் படத்தத் தொறந்து விட்டிருக்காங்க. நேரம் தாண்டுனா தானாப் பூட்டிக்கிடும். அடுத்த ஷோவுக்கு வேற ஆளு வந்திரும்."

அந்த அம்மா கெஞ்சவில்லை. பக்கத்துச் சீட்டில் மெதுவாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மகன் வந்த இடத்தைத் தாண்டிப் படம் போய்விட்டது. அதைப் பார்த்த ஒரே ஆள் சொல்வதோ ஊர் சொன்ன அதே சொல். இனிமேல் அவர் எந்த முகத்தோடு குழாயடிக்குப் போவார்? என் மேஜையில் குவிந்திருக்கிற வடையையும் ஒரு நொடி நினைத்தேன், மறைப்பானேன். பிறகு வாய் தன் வேலையைக் காட்டிவிட்டது.

"யோவ் மேனேஜர், இன்டர்வெல்ல விடாதீரும். அந்த நேரத்துல மளைய ஓட்டும்."

"பாய், ஒங்க ஏவாரம்?"

"என் ஏவாரத்த நான் பாத்துக்கிடுறேன். நீர் மளைய ஓட்டும்யா!"

விளக்கு அணைந்தது. மேலே ஆபரேட்டர் படத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். சூப்பர்வைசர் அக்கா நடு வழியில் நின்று கம்பெனிக் குரலில் உத்தரவு போட்டார்: "இப்ப இடி இடிக்கும். ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது. பக்கத்துல இருக்கவ கையப் பிடிச்சுக்கோங்க." எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டார்கள். திரை இருண்டது, மின்னியது, இடி விழுந்தது. மொத்த வரிசையும் சீட்டை விட்டு ஒரு சாண் எழும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தது. உத்தரவு போட்ட அக்காவே கதவு வரைக்கும் வந்துவிட்டார். நான் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினேன்.

மழை கொட்டியது. ரோட்டோரம் ஒரு டீக்கடை. ஹீரோ நனைந்துகொண்டே பெஞ்சில் வந்து உட்கார்ந்து எதையோ நினைத்துக் கண் கலங்குகிறான். அவன் தோளுக்குப் பின்னால், அரிக்கேன் வெளிச்சத்தில், எங்கள் தெருப் பையன் நின்றான். தாய் கையைக் காட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. "அந்தா! அந்தா!" என்று ஹால் இடிந்தது. விசில், கைத்தட்டல், குலவை. பையன் தொட்டியிலிருந்து கிளாஸை எடுத்து எடுத்துக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை தலையைத் தூக்கி மழையைப் பார்த்தான். பிறகு மறுபடி குனிந்துகொண்டான். ஹீரோ நீளமாக அழுததால் நம் பிள்ளையும் நீளமாகத் தெரிந்தான்.

"ஏலே, நனையாதலே, உள்ள தள்ளி நில்லுலே!" என்று தாய் திரையைப் பார்த்துக் கத்தினார். அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்தில் இருந்த ஒவ்வொருவரையும் உலுக்கினார். "பாத்தியா? சினிமாதான? சினிமாதான இது?"

நான் அந்தப் பையனின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கையில் நாலு விரலுக்கு நாலு கிளாஸ் மாட்டி எடுக்கிறான். ஒரு முக்கு, ஒரு சுழற்று, ஒரு உதறல், கவிழ்ப்பு. கண் அங்கே போகவேயில்லை, கண் மழையில் இருக்கிறது, கை தன்பாட்டுக்கு ஓடுகிறது. அப்படிக் கழுவ ஒருவனுக்கும் நடிக்கத் தெரியாது. ஷூட்டிங்குக்கு என்று யாரும் சொல்லிக் கொடுத்துவிடவும் முடியாது. டைரக்டர் எங்கேயோ ஒரு ஹோட்டலில் டீ குடித்துவிட்டு, இந்தப் பையன் கழுவுகிற அழகைப் பார்த்து, வா என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாய், நீங்க கடை வச்சிருக்கவுக. நீங்க சொல்லுங்க. இது நடிப்பா, நெசமா?"

மொத்த ஹாலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தாயும் பார்த்தார்.

"நல்லாக் கேட்டீக போங்க" என்றேன். "என் கடையில இப்பிடிக் களுவுனா கிளாஸ் ஒண்ணும் மிஞ்சாது. எல்லாம் கேமராவுக்குச் செய்ற வேலைம்மா. நல்லா நடிச்சிருக்கான் பய."

அப்போது அந்த லாரிக்காரர் செய்ததற்காக அவருக்கு ஆயுசுக்கும் ஓசி டீ கொடுக்கலாம். எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அப்ப அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் பாத்ததும் சூட்டிங்தான் போல. கேமராவ எங்கயோ ஒளிச்சு வச்சிருந்திருக்கானுக. நான்தான் வெவரம் இல்லாம வந்து ஒளறிட்டேன்." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மதினியே, "எங்க வீட்டுப் பிள்ள பின்ன எப்பிடி இருப்பான்?" என்று தொடங்கிவிட்டார்.

மீதிப் படத்தை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் பேனருக்கு மாலை போட்டார்கள், தாய்க்கும் ஒன்று போட்டார்கள். செருப்புக் குன்றில் அவரவர் ஜோடியைத் தேடிச் சண்டை போட்டார்கள். மத்தியானச் சோற்று நேரம் ஆகிவிட்டதால் எல்லாரும் நேரே வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். அடுத்த ஷோக்காரர்களோ வெளியே சூடாகப் புரோட்டா தின்றுவிட்டு வந்தவர்கள், ஆறிப்போன வடையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நானும் என் பெண்டாட்டியும் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டிய வடையைப் பார்த்துக்கொண்டே, காலையில் ஆபரேட்டரும் மேனேஜரும் குடித்துப் போட்ட கிளாஸ்களைக் கழுவத் தொடங்கினேன்.

நிமிர்ந்தால் அந்த அம்மா நின்றிருந்தார், மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

"வீட்டுக்குப் போகலையா தாயி? வடை எடுத்துக்கோங்க, காசு வேண்டாம்."

அவர் வடையைப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் ஓடுகிற என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது.

"இப்பிடி வேகம் வர்றதுக்கு எம்புட்டு நாளாகும் பாய்?"

"அது... பளகுறதுக்கு ரெண்டு வருசமாவது ஆகும்" என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. "ஆனா சினிமாக்காரன்னா கெட்டிக்காரன்ல, ஒரே நாள்ல பிடிச்சிருவான்" என்று அவசரமாக ஒட்டுப் போட்டேன். அது ஒட்டவில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் மாலையிலிருந்து ஒவ்வொரு பூவாகக் கிள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கிளாஸ் களுவுற எடத்துல சோறு போட்டுருவாகள்ல பாய்?"

"மூணு வேளையும் போடுவாக தாயி. ஹோட்டல்ல இருக்கவனுக்கு வயித்துக்குக் கொறை வராது."

"அப்பச் சரி."

அப்போது அவர் இடுப்பிலிருந்த போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா. எடுத்துக் காதில் வைத்ததும் குரலை எங்கிருந்து அப்படி மாற்றினாரோ தெரியவில்லை, தெருவுக்கே கேட்டது.

"பாத்தோம்யா! ஊரே பாத்துச்சு! ரெண்டு மட்டம் போடச் சொல்லிப் பாத்தோம்! ... ஆமா, ஒங்க மாமாவும் பாத்தாக, அத்தையும் பாத்தாக, ஒரே விசிலு... அளுகையா? நான் எதுக்குலே அளுகப் போறேன். அம்புட்டு நல்லா நடிச்சிருக்க. நெசமாக் களுவுற மாதிரியே இருந்துச்சுய்யா."

எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். நான் குழாயைத் திறந்து விட்டேன், அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

"சரி, சரி... அதெல்லாம் கெடக்கட்டும். மத்தியானம் சாப்பிட்டியா? என்ன கொளம்பு வச்சாக இன்னைக்கு?"